மழைக் கணக்கும் மந்தைக் கணக்கும்



சித்திரை, வைகாசி மாதங்களில் பாச்சலூர்க் கடைவீதியில் நின்றவர்களுக்கு ஒரு வாடை பழக்கமாகியிருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வரும் லாரிகளில் மூட்டை மூட்டையாக ஆட்டு எரு வரும். காப்பிக்கும் மிளகுக்கும் மலைவாழைக்கும் அதுதான் உரம். நாமோ மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்து பள்ளிக்கு வருவோம்.

ஒரு நாள் புவியியல் வகுப்பில் ஆசிரியை எங்களைக் கேட்டார்: "இத்தனை எருவும் எந்த ஆடு போட்டது? அந்த ஆடுகள் எங்கே மேய்கின்றன? மழை பெய்யாத ஆண்டில் அவை எதைத் தின்கின்றன?" வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து விடுதி மாணவி ஒருத்தி மட்டும் எழுந்தாள். இளையான்குடிப் பக்கத்துப் பெண். "எங்க அப்பா கீதாரி, டீச்சர்" என்றாள். அந்தச் சொல்லின் பொருள் எங்களில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. இக்கட்டுரை அன்றைய வகுப்பிலிருந்து பிறந்ததாகும்.

கீதாரி என்பவர் ஆட்டு மந்தையின் தலைவர். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கோனார் சமூகத்தார் பலருக்கு இது வழிவழி வந்த தொழில். ஒரு கீதாரியின் பொறுப்பில் நாலைந்து குடும்பங்களின் ஆடுகள் ஒன்றாக நடக்கும். நூற்றுக்கணக்கில் இருக்கும், சில மந்தைகளில் ஆயிரத்தையும் தாண்டும். எந்த ஊருக்குப் போவது, எந்த மிராசுதாரிடம் பேசுவது, எந்த வயலில் இரவு மந்தையை மடக்குவது என்பதெல்லாம் அவர் முடிவு. அப்படி இரவில் வயலில் ஆடுகளை மடக்கி வைப்பதற்குத்தான் கிடை போடுதல் என்று பெயர். பகலில் அறுவடையான தாளையும் வரப்புப் புல்லையும் மேய்ந்த ஆடு, இரவில் புழுக்கையும் மூத்திரமுமாக அந்த நிலத்துக்கே திருப்பித் தந்துவிடும். சுமக்க லாரி வேண்டாம், அள்ள ஆள் வேண்டாம். முன்பு இதற்குக் கூலியாக நெல் அளந்தார்கள். இப்போது பணமாகத் தருகிறார்கள்.

இந்த நடையில் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. அதை எங்கள் தோழியின் தந்தை பெற்றோர் தினத்தன்று வந்தபோது மரத்தடியில் உட்கார்ந்து விளக்கினார். நாம் பாடப்புத்தகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று இரண்டைப் படிக்கிறோம். அவருக்கு மூன்று கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இராமநாதபுரச் சீமையில் பெய்யும் மழை ஒன்று. அப்போது மந்தை சொந்த ஊர்த் தரிசிலும் கண்மாய் மேட்டிலும் மேயும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனி, ஆடியில் பெய்யும் மழை மற்றொன்று. மூன்றாவது, கருநாடகத்தில் பெய்து மேட்டூர் அணை வழியாக வரும் மழை! அது அவர் தலையில் ஒரு துளிகூட விழுவதில்லை. ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் நெல் விளைவது அதனால்தான். தை அறுவடை முடிந்ததும் மந்தை அந்தத் தாளடிக்குப் போய்ச் சேரும். தன் ஊரில் புல் கருகிய மாதங்களில், வேறொரு ஊரின் மழையில் விளைந்ததை ஆட்டுக்குக் கொடுக்கிறார் அவர். ஓரிடத்து மழையை நம்பி உட்காராமல் மூன்று இடத்து மழையையும் ஒரே நூலில் கோத்துப் பிழைக்கிறார். வறண்ட சீமையில் பிறந்தவர்கள் இத்தனை காலம் ஆடு வளர்த்தது இந்தக் கணக்கினால்தான்.

தமிழ் இலக்கண வகுப்பில் முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். மந்தை வளர்த்தவர்களின் நிலத்துக்கு நம் முன்னோர் மழைக்காலத்தையே பெரும்பொழுதாக வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பொழுது இப்போது இடம் மாறுகிறது என்பதுதான் செய்தி.

புவி வெப்பம் கூடக் கூட, மழை அடியோடு நின்றுவிடும் என்று நம்மில் சிலர் நினைத்திருந்தோம். அப்படியல்ல. வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே மழையில்லாத நாட்கள் நீளும். பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை; 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. மறுபுறம், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பக்கத்துக்கு அது ஓராண்டு மழையைவிட அதிகம்.

இரண்டில் எது கொடியது என்று தோழியின் தந்தையைக் கேட்டோம். வறட்சி என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் தலையை ஆட்டினார். "வறட்சி வர்றது முன்னாடியே தெரியும் ஆத்தா. நடந்துரலாம், இல்லேன்னா வித்துரலாம். வெள்ளம் ராத்திரியில வரும். கிடைக்குள்ள அடைச்சு வச்ச ஆடு எங்கிட்டு ஓடும்?" என்றார். சேற்றில் நிற்கும் செம்மறிக்குக் குளம்பு அழுகும். ஈர மாதங்களில் சிறு பூச்சிகள் கடித்து நீலநாக்கு நோய் பரவும். வாயும் நாக்கும் வீங்கி ஆடு தீனி எடுக்காது. ஆகவே இப்போது கிடை போடும்போது எந்த வயலுக்கு உரம் வேண்டும் என்பதற்கு முன்னால், பக்கத்தில் மேடு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் டெல்டாவை நொறுக்கிவிட்டு, நம் திண்டுக்கல், கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை.

2016-17 வறட்சியில் என்ன செய்தார் என்பதையும் சொன்னார். முதலில் கிடாக்களை விற்றார். பிறகு கிழட்டு ஆடுகளை. ஈனுகிற பெட்டைகளை மட்டும் கடைசிவரை விடவில்லை. பெட்டை இருந்தால் மழை வந்தபின் மந்தை மீண்டும் பெருகும் என்பது கணக்கு. மீதியை உறவினருடன் சேர்ந்து இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு கிழக்கே, ஒரு பங்கு மதுரைக்கு மேற்கே என்று ஓட்டினார்கள். ஒரு பக்கம் தவறினாலும் மறுபக்கம் தப்பும் அல்லவா? மந்தையில் செம்மறிகளோடு சில வெள்ளாடுகளையும் வைத்திருப்பது இதே எண்ணத்தில்தான். புல் தீர்ந்தால் செம்மறி வாடும். வெள்ளாடு எக்கித் தழையைக் கடித்துக்கொள்ளும். வெயில் ஏறிய ஆண்டுகளில் விடியற்காலையிலும் மாலையிலும் மேய்த்துவிட்டு, நடுப்பகலில் நீர்க்கரை மரநிழலில் மந்தையை நிறுத்தி வைக்கிறார். குட்டிகளைக் கூடையில் சுமந்த காலம் போய் இப்போது குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். எந்த ஊரில் அறுவடை முடிந்தது என்பதைக் கைப்பேசியில் கேட்டு நடக்கிறார்கள். இவையெல்லாம் யாரும் வந்து கற்றுக்கொடுத்தவை அல்ல.

வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: நடக்காமல் ஒரே இடத்தில் மந்தை வைத்துப் பிழைக்க வழியே இல்லையா? உண்டு. அதைக் காண நாம் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. மலையை விட்டு வடக்கே இறங்கினால் போதும்.

ஆசிரியையோடு ஒரு சனிக்கிழமை தாராபுரம் சாலையில் ஒரு கொறங்காட்டுக்குப் போனோம். கொறங்காடு என்பது காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பகுதிகளிலும் நம் ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கேயும் காணப்படும் மேய்ச்சல் காடு. காடு என்றால் நம் சோலைக்காடு போல் எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. நாங்கள் ஏமாந்தோம். சில ஏக்கர் நிலம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். அவ்வளவுதான். கொடைக்கானல் மலையில் ஆண்டுக்கு 150 செ.மீ.க்கு மேல் மழை. மலை மறைத்துவிடுவதால் அங்கே 60 செ.மீ. பெய்தால் நல்ல ஆண்டு. நமக்குக் கிடைக்கும் மேகத்தின் மிச்சம்தான் அவர்களுக்கு.

ஆனால் அந்த எளிய காட்டில் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. கிளுவைக் கொம்பை நட்டாலே துளிர்க்கும். கம்பி வேலிக்குச் செலவில்லை. கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாக இறங்குவதால் மேலே கருகினாலும் ஒரு மழைக்கு மீண்டும் தழைக்கும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேல மரம் நெற்றுகளை உதிர்க்கும். அவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீனி. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தத் தீனியில் வளர்ந்து பழகியவை. (காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சில மாதங்களில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அதைக் கண்ட எங்கள் வகுப்பினர் இரண்டும் ஒரே சாதி மாடு என்று நம்ப மறுத்தார்கள்.)

அந்தக் காட்டுக்காரப் பாட்டியம்மா சொன்ன ஒன்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. "மழ பேஞ்ச ஒடனே மாட்ட உள்ள உடமாட்டமுங்க அம்மிணி. புல்லு பூத்து, வெத உதுரட்டும்னு காத்திருப்பம்." பசியோடு நிற்கும் மாட்டை வேலிக்கு வெளியே நிறுத்தி, பச்சைப் புல்லைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது எளிதா? ஆயினும் அந்தச் சில வாரப் பொறுமையில்தான் அடுத்த ஆண்டின் புல் இருக்கிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். கீதாரி மந்தையை நடத்துகிறார். கொறங்காட்டுக்காரர் மந்தையை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு தருகிறார். இருவரும் செய்வது ஒரே காரியம்தான்: புல்லை அதன் வேர்வரை தின்ன விடுவதில்லை.

இத்தனை திறமை இருந்தும் மந்தைகள் ஏன் குறைகின்றன? இங்கேதான் எங்கள் எண்ணம் மாறியது. கட்டுரையைத் தொடங்கும்போது "மழை பொய்த்ததால் மந்தை அழிகிறது" என்றுதான் தலைப்பிட்டிருந்தோம். பிறகு அதை அடித்துவிட்டோம்.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2020-இல் அந்த நாளிலேயே திறந்தார்கள். 2022-இல் நீர் நிறைய இருந்ததால் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் சூலை இறுதியாயிற்று. தண்ணீர் முன்னதாக வந்தால் உழவருக்கு மகிழ்ச்சி, நாமும் மகிழ்வோம். ஆனால் வயலில் தண்ணீர் ஏறிவிட்டால் கீதாரிக்கு அங்கே இடமில்லை. தாமதமானாலோ நடவு தள்ளிப்போய், அறுவடை தள்ளிப்போய், மந்தை வந்து காத்து நிற்கும். நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் விதைத்த வயலில் அவற்றை எடுக்கும்வரை ஆட்டை விடமாட்டார்கள். ஆகவே நீர் முந்தினாலும் பிந்தினாலும் சுருங்குவது மந்தையின் நாட்கள்தாம். அவருடைய பழைய கணக்குக்கு இரு முனையிலும் நெருக்கடி.

இதற்கு மேல் வழிகளும் மறைகின்றன. மந்தை நடந்த ஓரப் புறம்போக்கு நிலங்கள் வீட்டுமனைகளாயின. கண்மாய்களில் சீமைக் கருவேலம் அடர்ந்துவிட்டது. அதன் நெற்று கோடையில் ஆட்டுக்கு உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் கீழே புல் முளைப்பதில்லை. நாற்கர நெடுஞ்சாலையில் ஆயிரம் ஆடுகளைக் குறுக்கே கடத்துவது எப்படி என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. கொறங்காட்டிலும் காற்றாலைகளும் மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன. பாகம் பிரித்துப் பிரித்துத் துண்டான காட்டில் ஓய்வு கொடுக்க மறுபகுதி ஏது?

நம் மலையின் கதையும் இதுவே. பழனி மலையின் உயரமான பகுதிகளில் சோலைகளுக்கு இடையே பரந்த புல்வெளிகள் இருந்தன. அவற்றை வெற்று நிலம் என்று கருதி சீகை மரம், பைன், யூகலிப்டஸ் எல்லாம் நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் அப்புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விட்டுக்கொண்டிருந்தவை அந்தப் புல்வெளிகள். புல் நிறைந்த நிலத்தை வெறுமை என்று எண்ணும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. சென்ற ஆண்டு மரம் நடும் விழாவில் எங்கே நடுகிறோம் என்று நாம் கேட்டோமா?

காட்டுக்குள் மேய்ச்சல் பற்றி வழக்கும் நடந்தது. தேனி மாவட்டத்து மலைமாடுகள் தொடர்பான வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எங்கும் மேய்ச்சல் கூடாது என்றது. அதே மாதத்தில் அந்தத் தடையை தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறைத்தது. கொடைக்கானல் 2013-இலிருந்து சரணாலயம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, பரம்பரையாகப் பருவத்துக்குப் பருவம் மேய்க்க வருபவர்களின் உரிமையையும் ஏற்கிறது. எங்கள் வகுப்பில் இது பெரிய விவாதமாயிற்று. மாடு நுழைந்தால் காட்டெருமைக்கு நோய் தொற்றும் என்று ஒரு சாரார்; மேயாத புல் காய்ந்து காட்டுத்தீக்கு இரையாகும் என்று மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எந்தக் காட்டில், எத்தனை மாடு, எந்த மாதம் என்று வரையறுத்துப் பேசினால் சண்டை பாதி தீர்ந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

உலகின் பிற பகுதிகளிலும் இதே போராட்டம்தான். மங்கோலியாவில் கோடை வறண்டு, தொடர்ந்து பனி இறுகும் கொடுமைக்கு 'சுத்' என்று பெயர். 2023-24 குளிர்காலத்தில் 70 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் மடிந்தன. கென்யாவின் வடபகுதியில் மாடு வைத்திருந்தோர் பலர் ஒட்டகத்துக்கு மாறி வருகிறார்கள். அங்கே மார்சபிட் என்னும் இடத்தில் 2010-இல் ஒரு புதிய காப்பீடு தொடங்கினார்கள். வானிலிருந்து செயற்கைக்கோள் நிலத்தின் பசுமையை அளக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு வரும். ஆடு செத்ததை எவரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. நம் நாட்டிலோ காதில் வில்லை குத்தியிருக்க வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஊர் விட்டு ஊர் நடக்கும் மந்தையில் நள்ளிரவில் செத்த ஆட்டுக்குச் சான்று தர யார் வருவார்? ஐக்கிய நாடுகள் அவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. நம் சிற்றாலயத்து நல்லாயன் படத்தில் புல் எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது இப்போது எங்களுக்கு வேறு எண்ணங்களும் வருகின்றன.

எங்கள் தோழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மே விடுமுறைக்கு நாம் வீட்டுக்குப் போவோம். அவள் கிடைக்குப் போகிறாள். "அப்பா எந்த ஊர் வயல்ல இருக்காருன்னு போன் போட்டுக் கேட்டுத்தான் பஸ் ஏறணும்" என்பாள். அவளுடைய அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆட்டின் பின்னால் வர மாட்டேன் என்கிறானாம். அவள் படிக்க வேண்டும் என்பதில் தந்தைக்கு உறுதி. ஆனால் படித்தபின் மந்தையை யார் நடத்துவது என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. "வழி இருந்தா ஆள் வரும் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேய்ச்சலுக்கு நேரமாயிற்று என்பதுபோல் எழுந்துகொண்டார். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் 'நிலையான முகவரி' என்ற இடத்தை நிரப்ப அவள் தயங்கியபோது, விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் இளையான்குடிப் பாட்டி வீட்டை எழுதிவிட்டு, விடுதிப் பதிவேட்டில் மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினார். அதில் மாதவாரியாக ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கண்காட்சிக்கு நாங்கள் வரைபடம் செய்தோம். இளையான்குடியிலிருந்து சிவப்பு நூல் புறப்பட்டு, குண்டூசிக்குக் குண்டூசி தாவி மன்னார்குடி வரை போயிருக்கிறது. வரைபடம் இப்போது பத்தாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறது. மீதி நூலை உருண்டையாகச் சுற்றி அடியில் கட்டி வைத்திருக்கிறோம். அணை திறந்ததும் அவள் போன் செய்து கேட்டுச் சொல்வாள். அதன்பின் அடுத்த ஊசியைக் குத்த வேண்டும்.